இஸ்தானா: கைதிகள் எழுப்பிய மாளிகை

பழைய மாளிகை ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் பொதுவாக இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. கட்டச் சொன்னவர் யார்? வரைபடம் போட்டவர் யார்? செங்கல்லைச் சுமந்தவர் யார், சுவரைப் பூசியவர் யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சிங்கப்பூர் அதிபரின் அதிகாரபூர்வ மாளிகையான இஸ்தானாவைப் பொறுத்தவரை, யாரும் அதிகம் கேட்காத அந்த மூன்றாவது கேள்வியில்தான் வரலாற்றின் முக்கியமான பகுதி அடங்கியிருக்கிறது.

ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள வெள்ளைக் கதவுகளைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த சாலை வழியே மேட்டில் ஏறினால் தெரியும் அந்த வெண்ணிற மாளிகை 1867க்கும் 1869க்கும் இடையில் கட்டப்பட்டது. கட்டச் சொன்னவர் ஆளுநர் சர் ஹாரி செயின்ட் ஜார்ஜ் ஆர்ட். வடிவமைத்தவர் காலனித்துவப் பொறியாளர் மேஜர் ஜான் ஃபிரெடரிக் அடால்ஃபஸ் மக்நேர். கட்டி எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். முதல் இரு பெயர்களும் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கின்றன. மூன்றாவது இடத்தில் உள்ளவர்களுக்குக் “கைதிகள்” என்ற ஒரே சொல்தான் மிஞ்சியிருக்கிறது.

வீடில்லாத ஆளுநர்கள்

சிங்கப்பூரில் ஆளுநருக்கென்று முதலில் எழுந்த வீடு மிக எளிமையானது. ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் 1820களின் தொடக்கத்தில், இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் குன்றின்மேல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஒரு வீட்டை அமைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அது விரிவுபடுத்தப்பட்டு ஆளுநர்களின் இல்லமாக இருந்தது. 1859இல் அந்தக் குன்றில் கோட்டை கட்டுவதற்காக வீடு இடிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ஆளுநர்கள் நிரந்தர மாளிகை இல்லாமல் வேறு வீடுகளில் தங்கினார்கள். அப்போது சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. தொலைவில் இருந்த இந்திய அரசாங்கத்துக்குச் சிங்கப்பூர் ஆளுநரின் வீடு ஒரு பெரிய கவலையாக இருக்கவில்லை.

கப்பலில் வந்த கைதிகள்

மாளிகையைக் கட்டிய கரங்கள் சிங்கப்பூருக்கு வந்த கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது.

இந்தியாவில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடந்து அனுப்பும் வழக்கத்தைக் கிழக்கிந்திய நிறுவனம் 18ஆம் நூற்றாண்டிலேயே கடைப்பிடித்தது. சுமத்ராவின் பென்கூலனுக்கும் பினாங்குக்கும் கைதிகள் அனுப்பப்பட்டனர். அவர்கள் எல்லாரும் திருடர்களோ கொலைகாரர்களோ அல்லர். 1801ஆம் ஆண்டின் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பென்கூலன் டச்சுக்காரர்களிடம் போனது. அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். 1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி முதல் தொகுதியாக 80 பேர் வந்து இறங்கினர். அவர்கள் மதராஸ் மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். ஒரு வாரத்தில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். பின்னர் இந்தியாவிலிருந்து நேரடியாகவே கப்பல்கள் வரத் தொடங்கின. பம்பாயிலிருந்தும் கைதிகள் வந்தனர்.

ஆகவே அந்தக் கைதிகள் அனைவரும் தமிழர்கள் என்று சொல்லிவிட முடியாது. தமிழர், தெலுங்கர், வங்காளிகள், மராத்தியர், பஞ்சாபியர் எனப் பல இனத்தவரும், இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் எனப் பல சமயத்தவரும் அவர்களிடையே இருந்தனர். ஆனால் முதல் கப்பலிலிருந்தே மதராஸ் மாகாணத்து மக்கள் அவர்களோடு இருந்தார்கள் என்பது உறுதி.

வங்காளம், மதராஸ் மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849 வரை நடப்பில் இருந்தது. தண்டனைக் காலம் முடிந்தாலும் அழியாத எழுத்து அது. அந்த எழுத்தோடு வந்தவர்கள்தான் சிங்கப்பூரின் சதுப்பு நிலங்களை நிரப்பினார்கள், சாலைகளைப் போட்டார்கள், பாலங்களை அமைத்தார்கள்.

கைதிகளுக்குக் கைதிகளே காவல்

இவ்வளவு கைதிகளைக் காவல் காக்கச் சிங்கப்பூரில் போதிய ஐரோப்பியக் காவலர்கள் இல்லை. அதனால் நல்ல நடத்தை உள்ள கைதிகளே மற்றக் கைதிகளுக்குக் காவலர்களாக நியமிக்கப்பட்டனர். 1845இல் ஆளுநர் பட்டர்வொர்த் வகுத்த விதிகள் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தன. புதிதாக வந்தவர் காலில் விலங்குடன் சாலை வேலை செய்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல விலங்கு கழற்றப்பட்டது. முதல் வகுப்பை எட்டியவர் அனுமதிச் சீட்டுடன் சிறைக்கு வெளியே வசித்து, தாமே உழைத்துப் பிழைக்கலாம்.

இந்த முறை எப்படி இயங்கியது என்பதைப் பிற்காலத்தில் விரிவாக எழுதியவர் அதே மக்நேர்தான். மதராஸ் பீரங்கிப் படையிலிருந்து வந்த அவர், சிங்கப்பூரில் பல ஆண்டுகள் கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்தார். தம்மோடு பணியாற்றிய பேலிஸ் என்பவருடன் சேர்ந்து 1899இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே “கைதிகள் தங்களுக்குத் தாங்களே காவலர்கள்” என்ற பொருள் தருவது. ஒரே மனிதர் கட்டடப் பொறியாளராகவும் சிறை அதிகாரியாகவும் இருந்தது அக்கால ஆட்சியின் இயல்பைக் காட்டுகிறது. கட்டுமானத் தொழிலாளர் படை என்பதும் சிறைச்சாலை என்பதும் அன்று ஒன்றாகவே இருந்தன.

கைத்தொழில் கற்ற சிறை

பிராஸ் பசா பகுதியில் இருந்த சிறைச்சாலை நாளடைவில் ஒரு பெரிய தொழிற்பட்டறையாக மாறியது. அங்கே தச்சு, கொல்லுவேலை, நெசவு, தையல், கல் செதுக்குதல் எல்லாம் நடந்தன. ஊரில் உழவு செய்தவர் இங்கே வந்து கொத்தனார் ஆனார். சிராங்கூன் ரோட்டில் கைதிகளின் செங்கல் சூளை இயங்கியது. அங்கே தயாரான செங்கற்கள் 1867இல் ஆக்ராவில் நடைபெற்ற கண்காட்சியில் பரிசு பெற்றன. நாடு கடத்தப்பட்டவர்கள் வர முடியாத தாய்நாட்டுக்கு அவர்கள் சுட்ட செங்கல் போய்ப் பாராட்டு வாங்கி வந்தது.

அவர்களின் திறமைக்குப் பெரிய சான்று செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856இல் வேலை தொடங்கிய அந்தத் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கும் தூண்களுக்கும் “மதராஸ் சுண்ணாம்பு” என்று பெயர் பெற்ற பூச்சு பூசப்பட்டது. அதன் பக்குவத்தை மக்நேர் பதிவு செய்திருக்கிறார். சிப்பிச் சுண்ணாம்பில் மணல் சேர்ப்பதில்லை. முட்டையின் வெள்ளைக் கருவையும் வெல்லத்தையும் அடித்துக் குழம்பாக்கிச் சேர்ப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் கலப்பார்கள். சுவரில் பூசி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால் பளிங்குபோல மின்னும்.

தமிழகத்தின் பழைய வீடுகளில் வெல்லமும் முட்டையும் சேர்த்த சுவரைக் கண்டவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதன்று. ஆங்கிலத்தில் அந்தப் பூச்சுக்கு வழங்கும் ‘சுன்னாம்’ என்ற சொல்லே தமிழின் ‘சுண்ணம்’ என்பதிலிருந்து போனதுதான். கடல் கடந்து வந்தவர்களிடம் உடைமை எதுவும் இல்லை. கைத்தொழில் மட்டும் கூடவே வந்தது.

1867: ஒரு விசித்திரமான திருப்பம்

இந்த இடத்தில் அரசியல் வரலாறு குறுக்கிடுகிறது. சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்களுக்கு இந்திய ஆட்சியின்மீது அதிருப்தி வளர்ந்துகொண்டே இருந்தது. ரூபாய் நாணயத்தைப் புகுத்தும் முயற்சி, துறைமுகத்தில் வரி விதிக்கும் யோசனை, ஆட்சியில் தங்களுக்கு இடமில்லாத நிலை என்று பல குறைகள். அந்தப் பட்டியலில் கைதிகளும் இருந்தார்கள். இந்தியா தன் குற்றவாளிகளைக் கொண்டுவந்து கொட்டும் இடமாகச் சிங்கப்பூரை ஆக்கிவிட்டது என்று வணிகர்கள் புகார் கூறினர். 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது இந்த அச்சம் மேலும் அதிகரித்தது. இந்திய ஆட்சியிலிருந்து பிரித்துவிடும்படி அவர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து பிரிந்து நேரடியாக பிரிட்டிஷ் மகுடத்தின்கீழ் வந்தன. முதல் ஆளுநராக வந்தவர் ஆர்ட். புதிய ஆட்சியின் பெருமைக்கு ஏற்ற மாளிகை வேண்டும் என்று அவர் கருதினார். வழக்கறிஞர் சார்லஸ் ராபர்ட் பிரின்செப்பின் சாதிக்காய்த் தோட்டத்தில் ஒரு பகுதி வாங்கப்பட்டது. நோய் தாக்கிச் சாதிக்காய் விவசாயம் சிங்கப்பூரில் அழிந்துபோயிருந்த காலம் அது. தோட்டம் அழிந்த மேட்டில் மாளிகை எழுந்தது. பிரின்செப் ஸ்ட்ரீட் இன்றும் அந்தத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கேதான் அந்த விசித்திரம். கைதிகளே வேண்டாம் என்று சொல்லி இந்தியாவைப் பிரிந்த குடியேற்றம், பிரிந்த அதே ஆண்டில் தன் பெருமைக்கான மாளிகையைக் கட்டத் தொடங்கியது. அதைக் கட்ட அழைத்தது அதே இந்தியக் கைதிகளைத்தான். கொத்தனார்கள், கல் தச்சர்கள், மரத் தச்சர்கள், கொல்லர்கள், பூச்சு வேலைக்காரர்கள் என எல்லாத் தொழிலுக்கும் ஆட்கள் சிறையிலேயே இருந்தார்கள். அப்போதைய சிங்கப்பூரில் அவ்வளவு பழகிய கட்டுமானப் படை அரசாங்கத்திடம் வேறு இல்லை.

மாளிகைக்கான செலவு அதிகம் என்று வணிகர்கள் ஆர்ட்டைக் குறை கூறினர். சட்டமன்றத்திலும் வெளியிலும் அவர் கண்டனத்துக்கு ஆளானார். கைதிகளின் உழைப்பு மட்டும் இல்லாதிருந்தால் செலவு இன்னும் எவ்வளவோ கூடியிருக்கும்.

மாளிகையின் அமைப்பு

1869இல் நிறைவடைந்த மாளிகை, நியோ பல்லாடியன் எனப்படும் கட்டடக்கலைப் பாணியைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆண்ட்ரியா பல்லாடியோவின் வழியைப் பின்பற்றி, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவிய பாணி இது. நடுவில் உயர்ந்த பகுதி, இருபுறமும் சமமாக விரியும் கைகள், வரிசையான தூண்கள், வளைவுகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இந்தப் பாணி சிங்கப்பூருக்கு நேராக இங்கிலாந்திலிருந்து வரவில்லை. இந்தியா வழியாக வந்தது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் ஐரோப்பிய வடிவங்களை வெப்ப நாட்டுக்கு ஏற்பத் திருத்திக் கட்டினார்கள். கல்கத்தாவின் ஆளுநர் மாளிகையும், இன்று ராஜாஜி மண்டபம் என்று தமிழர்கள் நன்கு அறிந்துள்ள சென்னை விருந்து மண்டபமும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தவை. இஸ்தானாவை அவற்றின் இளைய உறவினர் எனலாம்.

இஸ்தானாவின் மையப் பகுதி மூன்று மாடிகள் கொண்டது. இருபுறமும் விரியும் பகுதிகள் இரண்டு மாடிகள். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம் தெரியும். சுற்றிலும் அகலமான தாழ்வாரங்கள், சாய்சட்டங்கள் பொருத்திய சன்னல்கள், உயர்ந்த கதவுகள். மின்விசிறி இல்லாத காலத்தில் இவை அழகுக்காக மட்டும் வைக்கப்படவில்லை. தாழ்வாரம் வெயிலையும் சாரல் மழையையும் சுவரை நெருங்கவிடாமல் தடுக்கும். சாய்சட்டம் ஒளியைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும். மேட்டில் வீசும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மலாய்க்காரர்களின் மரவீடுகளும் இதே அறிவைத்தான் பயன்படுத்தின. ஐரோப்பியத் தூண், இந்திய அனுபவம், மலாய் வீட்டின் காற்றோட்டம் மூன்றும் சேர்ந்த கட்டடம் இது.

அதே வளாகத்தில் அக்காலத்தில் எழுந்த மற்றொரு வீடு ஸ்ரீ தெமாசெக். காலனித்துவச் செயலாளருக்காகக் கட்டப்பட்ட அது, பின்னாளில் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லமாக ஒதுக்கப்பட்டது.

1869ஆம் ஆண்டின் இறுதியில் விக்டோரியா மகாராணியின் மகன், எடின்பரோ கோமகன் ஆல்பிரட் சிங்கப்பூருக்கு வந்தார். புதிய மாளிகைக்கு அவரே முதல் அரச விருந்தினர்.

கட்டியவர்கள் எங்கே போனார்கள்?

மாளிகை முடிந்த நான்கே ஆண்டுகளில், 1873இல், சிங்கப்பூரின் இந்தியக் கைதிகள் சிறை கலைக்கப்பட்டது. தண்டனைக் காலம் மிஞ்சியிருந்தவர்கள் அந்தமான் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றவர்களில் பலர் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கினர். மாடு வளர்த்துப் பால் விற்றவர்கள், மாட்டுவண்டி ஓட்டியவர்கள், கொத்து வேலை செய்தவர்கள், சாலைக் குத்தகை எடுத்தவர்கள் என்று அவர்கள் சிங்கப்பூரின் சாதாரண மக்களோடு கலந்துவிட்டனர். உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமாக வாழ்ந்தவர்களும் உண்டு.

அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யார் என்று தேடினால் கண்டுபிடிப்பது கடினம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தன் தாத்தா கைதியாக வந்தவர் என்று யார் சொல்லிக்கொள்வார்? குடும்பங்கள் அந்தக் கதையை மறைத்தன. அரசாங்கம் பெயர்களைக் கல்லில் பொறிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு தலைமுறையையே மறதியில் தள்ளிவிட்டன.

விக்டோரியா மகாராணியின் பளிங்குச் சிலை ஒன்று இஸ்தானா வளாகத்தில் இருக்கிறது. 1889இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையைச் சீனச் சமூகம் அன்பளிப்பாகத் தந்தது என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் நினைவில் நிற்கிறார்கள். உழைப்பைக் கொடுத்தவர்கள் நிற்கவில்லை.

பெயர் மாறியது, பொருள் மாறியது

ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியத் தளபதிகள் இந்த மாளிகையில் தங்கினர். தென்திசைப் படைகளின் தலைமைத் தளபதி கவுண்ட் தெராவுச்சி அவர்களில் ஒருவர். போருக்குப் பிறகு மீண்டும் பிரிட்டிஷ் ஆளுநர்கள் வந்தனர்.

1959இல் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் தேதி யூசோஃப் பின் இஷாக் உள்நாட்டிலிருந்து வந்த முதல் அரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். ஆளுநர் மாளிகை இஸ்தானா நெகாரா ஆனது. 1965இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது பெயர் இஸ்தானா என்று சுருங்கியது. மலாயில் அரண்மனையைக் குறிக்கும் அந்தச் சொல் வடமொழியின் ‘ஆஸ்தான’ என்பதிலிருந்து வந்தது. ‘ஆஸ்தான வித்வான்’ என்று தமிழில் வழங்கும் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1992இல் இஸ்தானா தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996க்கும் 1998க்கும் இடையில் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. பழைய தோற்றம் காக்கப்பட்டு, புதிய வசதிகள் சேர்க்கப்பட்டன.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எஸ்.ஆர். நாதன் 1999 முதல் 2011 வரை அதிபராக இந்த மாளிகையில் பணியாற்றினார். 2023இல் தர்மன் சண்முகரத்னம் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அதிபரானார். ஒரு காலத்தில் சிறையிலிருந்து வந்து சுவர் எழுப்பியவர்களின் மொழி பேசும் சமூகம், இன்று அந்த மாளிகையின் முதல் நாற்காலி வரை வந்திருக்கிறது. இந்த இரு முனைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும். ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது பாதி வரலாறு.

வெட்கப்பட என்ன இருக்கிறது?

கைதிகளின் கதையைச் சொன்னால் சமூகத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவும் ஒரு காலத்தில் கைதிகளின் குடியேற்றமாகத்தான் இருந்தது. அங்கே இன்று கப்பலில் வந்த மூதாதையரின் பெயரைப் பழைய ஆவணங்களில் தேடிக் கண்டுபிடித்துப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். அன்றைய கம்பெனி ஆட்சியின் நீதிமன்றம் யாரைக் குற்றவாளி என்றது, எதைக் குற்றம் என்றது என்பதையும் நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். குற்றம் செய்தவரே ஆனாலும், தண்டனையாகச் செய்த வேலையில் இவ்வளவு நேர்த்தி காட்டியவரை மறப்பது நியாயமாகாது.

சிராங்கூன் ரோட்டுச் சூளை இன்று இல்லை. பிராஸ் பசா சிறையும் இல்லை. மாளிகை மட்டும் ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. அடித்தளம் அசையவில்லை, சுவர் சாயவில்லை. பெயரில்லாத கொத்தனார்கள் விட்டுச்சென்ற கையெழுத்து என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டில் சில நாட்கள் இஸ்தானாவின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. தீபாவளியையொட்டிய நாளும் அவற்றில் ஒன்று. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் புல்வெளியையும் பூக்களையும் காட்டுவதோடு நின்றுவிடாமல், தாழ்வாரத்துத் தூண்களையும் வெள்ளைச் சுவர்களையும் சற்று நின்று காட்டலாம். கட்டச் சொன்னவர் ஆர்ட், வரைந்தவர் மக்நேர் என்று சொன்ன பிறகு, கட்டியவர்கள் யார் என்பதையும் சொல்லலாம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது வீட்டுப் பேச்சில் ஒரு கதையாக மாறினால், அந்தப் பெயரில்லாத மனிதர்களுக்கு அதுவே நாம் வைக்கும் கல்வெட்டு.